அது கதாநாயகரின் கை அல்ல

விழாவுக்குத் தலைமை ஏற்று, வந்தோரையெல்லாம் வாசலில் நின்று கைகூப்பி வரவேற்று, என்னை மட்டும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி வரவேற்ற தயாரிப்பாளர் ஐயா அவர்களே! இருளையும் ஒளியையும் இழைத்து இழைத்துப் படமெடுத்து, நான் எழுதிய வசனங்களை மட்டும் இரக்கமின்றி இழுத்து வெளியே போட்ட இயக்குநர் அவர்களே! ஆண்கள் பொறாமைப்படும் அழகுடைய நாயகர் அவர்களே! அந்த நாயகரே பொறாமைப்படும் நடிப்புடைய நாயகி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருந்து என்னைப் பொறுத்தருளும் பெரியோர்களே! உறங்கும் குழந்தையை மடியில் கிடத்தி, உறக்கம் வந்த கணவரை முழங்கையால் இடித்து, இருவரையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாலேயே வசனம் எழுதும் என் இல்லத்தரசியாரே! உங்கள் அனைவருக்கும் இந்தப் படத்தின் வசனகர்த்தாவின் வணக்கம்.

எனக்குப் பின்னால் பெரிய எழுத்தில் வெற்றி விழா என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு வெற்றி என்று நான் கேட்கவில்லை. தயாரிப்பாளர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்? மேடை ஏறும் முன் அவரிடம் அனுமதி கேட்டேன். எதை வேண்டுமானாலும் பேசு, சுருக்கமாகப் பேசு என்றார். முதல் பாதியை ஏற்றுக்கொண்டேன். இரண்டாம் பாதியை, என் வசனத்தை இயக்குநர் என்ன செய்தாரோ அதையே செய்துவிட்டேன்.

நம் படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் களைத்துப்போய், அதிர்ஷ்டத்தைத் தேடி ஒரு கேசினோவுக்குள் நுழைகிறான். அங்கே பச்சைத் துணி விரித்த மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று சீட்டுப் போடுகிறாள் ஒருத்தி. இவன் தோற்கத் தோற்க அவளுக்கு வலிக்கிறது. அவளுக்கு வலிப்பதைப் பார்ப்பதற்காகவே இவன் மேலும் மேலும் தோற்கிறான். கடைசியில் இருக்கிற டோக்கன் அத்தனையையும் ஒரே ஆட்டத்தில் அவன் தள்ளும்போது, விதியை மீறி அவள் தன் கையை அவன் கைமேல் வைக்கிறாள்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். திரையரங்கிலும் அந்த இடத்தில்தான் தட்டினீர்கள். பத்திரிகைகள் என்ன எழுதின? "விரல் நடுக்கத்திலேயே காதலைக் காட்டிவிட்டார் நாயகர்" என்று எழுதின. நாயகர் இதோ சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்? அது அவருடைய கை அல்ல. நாயகி தலை குனிகிறார். ஏன் குனிகிறார்? மேலே இருந்த கை அவருடையது அல்ல.

என்ன, அரங்கமே அமைதியாகிவிட்டது? அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்லத்தான் நான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

படப்பிடிப்பு தொடங்கும் முன்பே சிக்கல் தொடங்கிவிட்டது. நாயகி அவர்கள் அழச் சொன்னால் அழுவார், ஆடச் சொன்னால் ஆடுவார், சீட்டைக் கலைக்கச் சொன்னால் மட்டும் அது அவரைக் கலைத்துவிடும். ஆகவே பயிற்சி கொடுக்க, உண்மையான கேசினோவில் பல வருடம் சீட்டுப் போட்ட ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். முப்பதைத் தாண்டியவர். அக்கா வீட்டில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் சீட்டைக் கலைத்தால், புறாக்கூட்டம் ஒன்று மேஜைமேல் எழுந்து மீண்டும் அமர்வது போலிருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மேஜையை விட்டு எழுந்தாலும் இரண்டு உள்ளங்கையையும் ஒருமுறை தட்டி, விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுத்தான் எழுவார். கேசினோவில் கூரை முழுக்கக் கேமரா. எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அதற்குக் காட்ட வேண்டுமாம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போதும் காட்டுவார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காத என்னைப் பார்த்துக் காட்டினாரோ என்று நான் ஒருநாள் சந்தேகப்பட்டதும் உண்டு.

இனி அந்த ஆண் கை. நாயகருடைய கைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெண்ணெய்க்கு விரல் முளைத்தது போன்ற கைகள். அவை ஒரு செங்கல்லைத் தூக்கியிருக்கும் என்று சொன்னால் செங்கல்லே சிரிக்கும். கொத்தனார் கை வேண்டும், கொத்தனார் கை வேண்டும் என்று இயக்குநர் புலம்பிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். செட்டில் ஒரு மேஜையின் கால் ஆடுகிறதென்று எங்கள் தச்சர் அதன் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். மேலே அந்தப் பெண்மணி சீட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. நகம் கறுத்த கட்டைவிரல், காய்த்துப்போன உள்ளங்கை. "ரெண்டு இஞ்ச் ஆணி" என்று கேட்டது.

எடுபிடி ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. பெண்மணி ஒரு கணம் யோசித்தார். பிறகு, சிரிக்காமல், ஒரு சீட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கை அதைத் தடவிப் பார்த்தது. விரலிடுக்கில் வைத்து வளைத்துப் பார்த்தது. திருப்பி நீட்டியது.

"இது வளையுதுங்க. ஆணி குடுங்க."

பெண்மணி சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். இயக்குநரோ சிரிப்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "இந்தக் கைதான்" என்றார். காதலுக்கும் கலைக்கும் ஒரே நேரத்தில் கால்கோள் நடந்தது, அதுவும் ஒரு மேஜைக் கால் அருகில்.

அன்றுமுதல் தச்சருக்கும் பயிற்சி. சூதாடி சீட்டைப் பிடிப்பது போல் பிடிக்கச் சொன்னால், பலகையைப் பிடிப்பது போல் பிடிப்பார். சீட்டை இழைக்காதீர்கள் என்று பெண்மணி கேலி செய்வார். தச்சர் அவரை "டீச்சர்" என்று அழைத்தார். சொல்லிக்கொடுக்கிறவரை வேறு எப்படி அழைப்பது என்பது அவருடைய நியாயம். சாயங்காலமானால் டீச்சரின் மணிக்கட்டில் மேஜை ஓரம் பட்டுப் பட்டுச் சிவந்திருப்பதைக் கண்டார். மறுநாள் காலை வந்து பார்த்தால் அந்த ஓரம் மட்டும் உருட்டி இழைத்து வழவழவென்று இருக்கிறது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை, செய்தவரும் சொல்லவில்லை. மூன்று பக்கம் காதல் வசனம் எழுதிய நான் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு செய்தி செட்டுக்குள் நுழைந்தது. கேசினோவில் டீச்சருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததாம். மகராசி. அவர் மேஜையில் உட்கார்ந்தால் ஜெயிக்கலாம் என்று ஆட வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்களாம். அவ்வளவுதான் ஐயா. அடுத்த நாள் காலையில் நம் தயாரிப்பாளர் என்ன செய்தார்? முதல் காட்சிக்கு முன் மகராசி கேமராவைத் தொட வேண்டும் என்றார். மறுநாள் விளக்கைத் தொட வேண்டும் என்றார். நாயகர் தன் மேலங்கியை நீட்டினார். நாயகி கன்னத்தை நீட்டினார். ஒப்பனை செய்யும் அம்மா சீப்பை நீட்டினார். நான் பகுத்தறிவாளன், உங்களுக்குத் தெரியும். நான் பேனாவை மட்டும்தான் நீட்டினேன்.

அவர் எல்லாவற்றையும் தொட்டார். முகத்தில்தான் சிரிப்பில்லை. ஏன் என்று ஒப்பனை அம்மா மெல்லக் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. கேசினோவில் ஒரு வாடிக்கைக்காரர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இவர் விரலைத் தொட்டுவிட்டுத்தான் டோக்கனை வைப்பார். ஜெயித்தார். பூங்கொத்து கொடுத்தார். கல்யாணம் பேசினார். அக்காவும் சம்மதித்தார். பிறகு அவருக்குத் தோல்வி தொடங்கியது. ஒரு வாரம் தோற்றார், இரண்டு வாரம் தோற்றார். ஒருநாள் வந்து, இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த மேஜையில் உட்கார்ந்து இன்னொரு பெண்ணின் விரலைத் தொட்டார். அத்தோடு கல்யாணப் பேச்சும் முடிந்தது, இவருடைய கேசினோ வேலையும் முடிந்தது. தன் கையைத் தேடி வருகிறவர்கள் தன்னைத் தேடி வரவில்லை என்று புரிந்துகொண்ட ஒரு பெண்ணிடம்தான் நாங்கள் அத்தனை பேரும் சீப்பையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றோம்.

தாய்மார்கள் பக்கம் பெருமூச்சு கேட்கிறது. பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

செட்டின் நடுவே பிரம்மாண்டமான சரவிளக்கு ஒன்று தொங்கியது. அதைத் தாங்க இரும்புக் குழாய் வேண்டும் என்று தச்சர் கேட்டிருந்தார். மகராசி கை பட்ட செட், ஒன்றும் ஆகாது, மரமே போதும் என்று சொல்லிவிட்டார் தயாரிப்பாளர். ஐயா, இப்போது எதற்குத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? குடியுங்கள். ஒருநாள் மதியம், நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கூரையும் விளக்கும் கண்ணாடியும் கலகலவென்று கீழே வந்தன. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாயகருடைய நாற்காலிக்குத்தான் நான்கு காலும் போயிற்று.

கண்ணாடித் தூள் அடங்கும் முன்பே பேச்சு கிளம்பியது. இன்று மகராசி தாமதமாக வந்தார் என்றது ஒரு குரல். கேமராவை இடது கையால் தொட்டார், நான் பார்த்தேன் என்றது இன்னொரு குரல். ராசி திரும்பிவிட்டது என்றது மூன்றாம் குரல். காலையில் கும்பிட்ட கையை மாலையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு சாப்பாட்டு நேரம் போதும். நாளை முதல் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொன்னார்கள். சொன்னார்கள். அவர் எழுந்தார். இரண்டு உள்ளங்கையையும் தட்டி, விரித்து, திருப்பி, எங்கள் எல்லோருக்கும் காட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.



மறுநாள் காலை தச்சர் வந்தார், கையில் முறிந்த கட்டையோடு. அதிர்ந்து பேசாத மனிதர். தயாரிப்பாளருக்கு எதிரே போய் நின்றார்.

"ஐயா, இது ராசியில விழல. மரம் தாங்கல, விழுந்துடுச்சு. இரும்பு கேட்டேன், வேண்டாம்னீங்க. நீங்க வேண்டாம்னதும் நான் வேலைய நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. உங்க மேல பாதி, என் மேல பாதி. இதுல டீச்சர் எங்க வந்தாங்க?"

தயாரிப்பாளர் என்ன சொன்னார் என்பதை இந்த மேடையின் மரியாதை கருதி விட்டுவிடுகிறேன். சாரம் இதுதான்: நீயும் போகலாம். தச்சர் கட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இரண்டு கைகளும் போய்விட்டன. எடுக்க வேண்டியதோ அந்தக் கைக் காட்சி. இயக்குநருக்கு மூச்சு நின்றுவிட்டது. நீ போய்ப் பேசிப் பார் என்று என்னைத் தூது அனுப்பினார். தச்சரின் பட்டறைக்குப் போனேன். ஒரு ஓரமாக முக்காலியில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை முழுக்க மரத்தூள். வாயைத் திறக்கும் முன் வாசலில் டீச்சர் வந்து நின்றார். நல்ல கோபம். என்னைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. தச்சருக்கும் நான் இருப்பது மறந்துவிட்டது. வசனம் எழுதுகிறவனை உலகம் மறப்பது ஒன்றும் புதிதல்லவே.

"உங்கள யாரு பேசச் சொன்னா? இப்ப வேலை போச்சா?"

"போச்சு."

"எல்லாரும் நம்பறாங்க. நீங்க மட்டும் எதுக்கு எதிர்த்துப் பேசணும்?"

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், உங்க கையில ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சீட்டு நல்லா போடுவீங்க. சாயங்காலமானா மணிக்கட்டு வீங்குது. அவ்வளவுதான்."

சபையோரே, உலகத்துக் காதலர்கள் எல்லாம் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். உன் கை மலர் என்றார்கள், தளிர் என்றார்கள், தங்கம் என்றார்கள். உன் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்ன காதலனைக் கேட்டிருக்கிறீர்களா? அதைக் கேட்டு ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுததைக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டேன். அந்தக் கையை எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? அது வீங்கியிருக்கிறது என்று பார்த்தவர் இவர் ஒருவர்தானே?

அழுது முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். நான் இருந்தது தெரிந்துதான் இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், ஆனால் தலைக்கு மேல் இரும்பு இருக்க வேண்டும், யாரும் என் கையை ராசிக்காகத் தொடக்கூடாது, போய்ச் சொல்லுங்கள் என்றார். போய்ச் சொன்னேன். தயாரிப்பாளர் முடியாது என்றார். நாயகியையே சீட்டுப் போட வைத்துப் பார்த்தார்கள். ஒரு சீட்டு ஒளிப்பதிவாளர் மடியில் விழுந்தது, ஒன்று என் தேநீரில் விழுந்தது, மிச்சத்தைக் கூட்டித்தான் அள்ள வேண்டியிருந்தது.

இப்போது நான் கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அன்று நம் விழாத் தலைவர், இதே தயாரிப்பாளர், ஆள் அனுப்பவில்லை. தானே போனார். அந்த அக்கா வீட்டு வாசலில் நின்று, "நான் பண்ணது தப்பும்மா" என்று சொன்னார். தச்சர் பட்டறைக்கும் போய்ச் சொன்னார். செல்வம் உள்ளவர்கள் பலர் உண்டு. சொந்தத் தவறைச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஐயா, இந்தக் கைதட்டல் உங்களுக்குத்தான், நிமிர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காட்சி வந்தது. தலைக்கு மேலே இரும்புக் குழாய். கேமரா கைகளுக்கு நேரே. முகம் தெரியாது, குரல் பதிவாகாது. தச்சரின் கை டோக்கன்களை முன்னே தள்ள வேண்டும், டீச்சரின் கை அதன்மேல் விழ வேண்டும். தச்சரின் கை தள்ளியது. டீச்சரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் நின்றது. என்ன நடக்கிறது என்று ஒப்பனை அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் புரிந்தது. ஆட்டத்துக்கு முன் சூதாடி ஒருவனின் கையைத் தொடுவதென்றால், அவருக்கு அது நடிப்பா?

இயக்குநர் எரிச்சலோடு எழப்போனார். அப்போது தச்சர், கையை அசைக்காமல், மெல்லச் சொன்னார்.

"டீச்சர், நான் தச்சன். எனக்குச் சீட்டே ஒழுங்கா புடிக்கத் தெரியாது."

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கை இறங்கியது. இறங்கி, அந்தக் கறுத்த நகத்தின் மேல், காய்த்த விரல்களின் மேல் அமர்ந்தது. அப்போதுதான் கீழே இருந்த கை நடுங்கியது. பத்திரிகைகள் பாராட்டிய நடுக்கம் அதுதான். அது நடிப்பல்ல, நாயகர் அவர்களே, அது நாலு மாதம் நாக்கில் வராமல் நின்ற வார்த்தை. இயக்குநர் "கட்" என்றார். கைகள் பிரியவில்லை. இன்னொரு முறை, சற்று மரியாதையாக, "கட்" என்றார். பிறகு அவரே எழுந்து, எல்லோரையும் தேநீர் குடிக்க அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் மூன்று பக்க வசனம் முழுதும் அன்றே வெட்டப்பட்டது. வெட்டியது சரிதான்.

அப்புறம் என்ன, தச்சர் போய்க் கேட்டார், கல்யாணம் நடந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரா? படப்பிடிப்பு முடிந்து ஒரு மாதமாகியும் மனிதர் கதவு செய்கிறார், கட்டில் செய்கிறார், கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. கடைசியில் டீச்சரே பட்டறைக்குப் போனார். இந்த முறை நான் அங்கே இல்லை, அவர்களே எனக்குச் சொன்னது.

"சீட்டாட்டம் கத்துக்க ஆசை இருக்கா?"

"இல்லீங்க."

"எப்பவாச்சும் வருமா?"

"வராதுங்க."

"அப்ப சரி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அக்காகிட்ட பேசணும்."

பேசினார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டவன் நான். என் எழுத்தில் வெட்டுப்படாமல் நின்றது அது ஒன்றுதான்.

படம் வெளியான அன்று இருவரும் எல்லோரையும் போல் வரிசையில் நின்று சீட்டு வாங்கிப் பார்த்தார்கள். அந்தக் காட்சி வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் தன் மனைவியிடம், கை நடுங்குவதைப் பார், என்ன நடிப்பு என்று வியந்தாராம். டீச்சர் தன் கணவர் காதோரம் குனிந்து, "நடிப்பாம்" என்றாராம். தச்சர் படம் முடியும் வரை நிமிரவில்லையாம்.

என் இல்லத்தரசியார் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கவனித்தேன். ஆகவே துணிந்து முடிக்கிறேன்.

இந்த மேடையில் முகங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறோம். மாலை போட்டிருக்கிறோம். கேடயம் கொடுக்கப்போகிறோம். அந்தக் கைகளுக்கு? அதிர்ஷ்டம் ஜெயிக்கிறதா, அன்பு ஜெயிக்கிறதா என்று கேட்கிற படத்தை எடுத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு வாழ்ந்தே விடை சொன்ன இரண்டு பேரைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோமே, இது அடுக்குமா? தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் தச்சரே, ஒளிய வேண்டாம், உங்களைத்தான். டீச்சர், அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள், அவராக வரமாட்டார்.

தலைவர் எழுந்துவிட்டார். தன் நாற்காலியைத் தானே தூக்கி முன்னால் போடுகிறார். நாயகரும் எழுந்துவிட்டார். நல்லது.

சபையோரே, அவர்கள் நடந்து வரும் வழியில் யாரும் அந்த அம்மாவின் கையைத் தொட்டு வரம் கேட்காதீர்கள். அவரிடம் கொடுக்க ராசி இல்லை. அவர் ஒரு பெண், அவர் ஒரு மனைவி, வேலை தெரிந்த கைகளை உடைய ஒரு மனுஷி. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிது என்று தெரிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். அவர்கள் மேடை ஏறும் வரை தட்டுங்கள்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், திட்டப்போகிற தலைவருக்கும், திட்டாமல் விடப்போகிற இல்லத்தரசியாருக்கும் நன்றி கூறி, ஒலிபெருக்கியைத் தச்சரிடம் நீட்டுகிறேன். அவர் ஒன்றும் பேசமாட்டார். பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நிற்கட்டும். வணக்கம்.